கைகாட்டிக்குக் குளிரெடுத்த நாள்

தேங்காய் எண்ணெயை ஊற்றி ரயிலை நிறுத்திய மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சும்மா ஒரு மனிதன் இல்லை, ஆரியசாலையில் மொத்த வியாபாரத்தில் தேங்காய் எண்ணெய் விற்றவரின் மகன். குளிர்ந்தால் எண்ணெய் உறையும் என்பது எங்கள் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்ததை வேண்டிய நேரத்தில் தலைக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. தலையில் எண்ணெய் மட்டும் தாராளமாக இருந்தது.

இதை இப்போது கிளறக் காரணம் எங்கள் படுக்கையறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஏ.சி. ஊருக்கு வந்திருந்த மகள், "இந்தச் சூட்டுல எப்படித்தான் கெடக்கீங்களோ" என்று அலுத்துக்கொண்டு வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். மாட்டியவள் போன பிறகு ரிமோட் என் கைக்கு வந்தது. என் கைக்கு வந்த எந்தப் பொத்தானும் அளவோடு அழுத்தப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. நேற்றுக் காலை என் மனைவி பகவதி குளித்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. குலுக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளைவெளேரென்று மெழுகாக நின்றிருந்தது. பாட்டிலைப் பார்த்தவள் அடுத்ததாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொன்முடி மலை முழுசாக இருந்தது, மழை மூட்டம் உட்பட.

உங்களிடம் மறைப்பானேன், தெரிந்த ஆள்தானே. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு மாடியில் ஓர் அறை உண்டு. ஓட்டுக்கூரை. கீழே டின்களிலிருந்து எழும் கொப்பரை வாசனை, பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியாக ஏறி அங்கே வந்து படுத்துக்கொள்ளும். அந்த அறைக்குள் போய்விட்டு வந்த காகிதம், சட்டை, என் முதல் சம்பளத்தில் வாங்கிய பேனா, எல்லாவற்றுக்கும் அதே வாசனை. நான் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், ஃபைல் எடுக்க வந்த மேலதிகாரி ஒருவர் மூக்கைச் சுருக்கி, "இவிடெ ஆரோ பப்படம் காய்ச்சுந்நுண்டோ?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அப்பளம் பொரிக்கவில்லை, நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த மாடி அறையில்தான் என் ரயில்வே இருந்தது. பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் அப்போதெல்லாம் கோபம் வரும். பொம்மை என்றால் சாவி கொடுத்து ஓட்டுவது. இது நிஜ ரயில்வேயின் மாதிரி. மடக்கி வைக்கக்கூடிய இரண்டு பலகைகளின்மேல் வளைந்து சுற்றி வரும் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு எஞ்சின், மூன்று பெட்டி. எல்லாம் கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் துறைமுகம் துறைமுகமாக வாங்கி அனுப்பியவை. கல்யாணம் ஆக வேண்டிய வயதில் மகன் மாடியில் ரயில் விடுகிறான் என்பதை அப்பா வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "மேல கணக்கு எழுதுதான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

எஞ்சினும் பெட்டியும் வந்தபின் அடுத்த ஆசை கைகாட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கைகாட்டி என்றால் கூகிள் மேப்பைக் காட்டுவார்கள். உயரமான கம்பம், உச்சியில் பக்கவாட்டில் நீண்ட ஒரு கை. சிவப்புக் கையில் வெள்ளைப் பட்டை. கை கிடையாக நீட்டி நின்றால் வண்டி நிற்க வேண்டும், சரிந்து இறங்கினால் வரலாம். ஸ்டேஷனுக்கு வெகு தூரத்திலேயே ஒன்று நிற்கும், அதன் கை நுனி மீன்வால்போல வெட்டுப்பட்டிருக்கும். இனி வருவது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பது அதன் வேலை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை யாராவது நட்டு வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கப்பல் அண்ணன் கேட்டு எழுதினான். இங்கே கடையில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்றில் கை கீழே இறங்கினால் வண்டி போகலாம், இன்னொன்றில் கை மேலே ஏறினால் போகலாம், எது வேண்டும்? இதற்கு நான் எடுத்துக்கொண்ட யோசனையில் கால் பங்கை என் கல்யாணத்துக்கு எடுத்திருந்தால், பகவதி தப்பியிருப்பாள். புத்தியுள்ளவன் ஏறுகிற வகையைத்தான் வாங்குவான். இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தன் கனத்தாலேயே கீழே விழுந்து, 'நில்' என்று ஆகிவிடும். ஆபத்தில்லை. இறங்குகிற வகையில் கம்பி அறுந்தால் கை தொங்கிப்போகும். தொங்கினால் 'வா' என்று அர்த்தம். எதிரெதிரே இரண்டு வண்டிகளையும் வா வா என்று கூப்பிட்டுவிடும். அதைத் தடுக்க மறுமுனையில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இத்தனையும் தெரிந்துகொண்டு, நான் இறங்குகிற வகையைக் கேட்டு எழுதினேன்.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சின்ன வயதில் தம்பானூர் ஸ்டேஷனில் அம்மாவோடு வண்டிக்குக் காத்து நின்ற நேரங்களில், பிளாட்பாரத்தில் யாராவது ஒருவர், "கைகாட்டி எறங்கியாச்சு!" என்பார். உடனே பெட்டிகள் தலைக்கு ஏறும், குழந்தைகள் இடுப்புக்கு ஏறும், கூஜா மூடியைத் தேடி யாரோ ஓடுவார்கள். அந்தச் சொல்லில்தான் பயணமே இருந்தது. ஏறுகிற கைகாட்டியை வாங்கிவிட்டு நான் யாரிடம் போய் "கைகாட்டி ஏறியாச்சு" என்று சொல்வது? வாய்க்கே வராதே.

மூன்று கைகாட்டிகள் வந்தன. தொங்கவிடும் கனம் மட்டும் பார்சலில் இல்லை. சாலைக் கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்ன ஈயக்குண்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் அக்கறையோடு, "ஏது மீனினா?" என்று கேட்டார். எந்த மீனுக்கு என்கிறார். "மீனுக்கில்ல, ரயிலுக்கு" என்றேன். அவர் பொட்டலத்தை என் கையில் தராமல், கல்லாவின் ஓரத்தில் வைத்துத் தள்ளிவிட்டார்.

மீன்வால் கைக்கு வெள்ளைக்காரன் மஞ்சள் அடித்திருந்தான். நான் பார்த்து வளர்ந்த மீன்வால் சிவப்பு. அதைச் சிவப்பாக்கக் கடையில் நகப்பூச்சு வாங்கினேன். கல்யாணம் ஆகாதவன் சட்டைப்பையில் நகப்பூச்சைக் கண்டுபிடித்த அப்பா, பெண் பார்ப்பதைத் துரிதப்படுத்தினார். ஆக, என் திருமணத்தை நடத்தி வைத்தது ஒரு கைகாட்டி என்று சொன்னால் அது மிகையாகாது.

வாங்குவது எளிது. காப்பாற்றுவதுதான் பாடு. நம் ஊர்க் காற்றில் கடலுப்பு, மழைக்காலத்தில் பாசி. கையும் கம்பமும் சேரும் இடத்தில் ஒரு குண்டூசி அச்சு இருக்கும். ஒரு மாதம் பார்க்காமல் விட்டால் பச்சை பூத்து இறுகிப்போகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும் என்று அண்ணன் எழுதியிருந்தான். விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அந்தக் குப்பி தீர்ந்தது. கீழே டின் டின்னாக எண்ணெய் இருக்க, இன்னொரு குப்பி வாங்க வெயிலில் போவானேன்? மேலும் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் எதற்குத்தான் ஆகாது? தலைக்கு, வறுவலுக்கு, கதவுக் கீலுக்கு, வண்டுகடிக்கு, குழந்தையின் வயிற்றுவலிக்கு. ஒரு கிண்ணத்தோடு கீழே போனேன்.

"ஏல, தலைக்கா சமையலுக்கா?" என்றார் அப்பா.

"சிக்னலுக்குப்பா."

"சவம், அதுக்கும் முடி கொட்டுதா?"

அன்றுமுதல் என் கைகாட்டிகள் வெண்ணெயில் வழுக்குவதுபோல இறங்கின. கூடவே எறும்புகளும் வந்தன. எங்கள் லைனில் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தவர்கள் அவர்கள்தான். ரயில் நின்றால் பெட்டிகளில் ஏறுவார்கள், புறப்பட்டால் இறங்கமாட்டார்கள்.

இன்னொரு கைவேலையும் செய்து வைத்திருந்தேன். கை இறங்கினால்தான் அதற்கு அடுத்த தண்டவாளத்துக்கு மின்சாரம் போகும். பலகைக்கு அடியில் செப்புத் தகடு வைத்து, ஈயம் உருக்கிப் பற்ற வைத்திருந்தேன். கைகாட்டியை மதிக்காமல் என் ரயில் ஓர் அங்குலம் நகராது. டிரைவர் குடித்திருந்தாலும் விபத்து நடக்காது. டிரைவரே கிடையாது என்பது வேறு விஷயம்.

பகவதி பாறசாலைப் பக்கத்துப் பெண். கல்யாணமான மறுவாரம் அவளை மாடிக்கு அழைத்துப் போய், இழுக்க வேண்டியதை இழுத்து, இறக்க வேண்டியதை இறக்கி, ரயிலை ஒரு சுற்று ஓட்டிக் காண்பித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இதுல யாரு போவா?"

"யாரும் போக மாட்டாங்க."

"பெறகு என்னத்துக்கு இவ்வளவு கைகாட்டி?"

அதைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பொன்முடியில் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை. தேர்வு, நேர்முகம், சிபாரிசு என்று வருடக்கணக்கில் அலைந்து, கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் கிடைத்தது. வாரம் முழுக்க மலையில் குவார்ட்டர்ஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் இறங்கி வருவாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்து தேயிலை பறிக்கிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் கல்வி ஆபீஸிலிருந்து அதிகாரி வந்து தலையெண்ணுவார். பெயர் எழுதியிருந்தால் போதாது, பிள்ளை உயிரோடு பெஞ்சில் இருக்க வேண்டும். வேண்டிய தலை இல்லையென்றால் ஒரு வகுப்புப் பிரிவு போகும். பிரிவு போனால் கடைசியாகச் சேர்ந்த வாத்தியாருக்கு வேலை போகும். கடைசியாகச் சேர்ந்தவள் பகவதி.

அந்த வருடம் மே மாதம் ஊருக்குப் போன குடும்பங்கள் பல, தென்காசிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வந்த பிள்ளைகளும் மழை, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை, சும்மா இஷ்டமில்லை என்று வீட்டில் நின்றார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். "என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு சும்மாதான் இருக்கு. ஒருநாளைக்குக் கொண்டுபோய் உக்கார வச்சா என்ன?"

"கடன் வாங்கின தலையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள். "உள்ள பிள்ளைங்க வந்தாலே கணக்குச் சரியாவும். வர வைக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு."

"என்ன வழி?"

"பள்ளிக்கூடத்துல ரயில் வரும்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட?"

"லயம் லயமாப் போய் எல்லாருகிட்டயும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இது போனா எனக்கு வேற கிடைக்காது, கேட்டீங்களா" என்றாள். அதற்குமுன் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மாடியைப் பார்த்துக் கேட்ட முதல் காரியம் இது. என் கைகாட்டிகள் எதற்கு என்று அன்றைக்குத்தான் ஒரு உத்தேசம் கிடைத்தது.

அதிகாரி வருகிற நாளுக்கு லீவு போட்டேன். புறப்படுகிற அன்று, மலைக்குப் போகிற வண்டிக்குச் சர்வீஸ் பார்ப்பதுபோல மூன்று அச்சுக்கும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் விட்டேன். நம்ம கடை எண்ணெய், முதல் தரம். பலகைகளை மடக்கி, பழைய கார் பாட்டரி ஒன்றையும் சேர்த்துக் கட்டி, கைகாட்டிகளைப் பகவதியின் பழைய சேலையில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டேன். விதுரா வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து பொன்முடிக்கு இன்னொன்று. கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் பெட்டியோடு சேர்ந்து பக்கத்து ஆள் மடியில் சாய்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"எந்தா சேட்டா பெட்டியில்?"

"சிக்னல்."

"எந்து சிக்னல்?"

"ரயில்வே சிக்னல்."

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "எந்நால் பச்ச காணிக்கு, வண்டி போட்டே" என்று மணியை இழுத்தார். அப்படியானால் பச்சை காட்டுங்கள், வண்டி போகட்டும் என்கிறார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான்தான் சத்தமாகச் சிரித்தேன், அவமானத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வழி அது.

சாயங்காலமே பள்ளி அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். கைகாட்டிகள் இறங்கின, ரயில் ஓடியது. பஸ்ஸில் என் மடிச்சூட்டில் வந்தவை அல்லவா? தலைமையாசிரியர் ஞானதாஸ் சார் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. "பகவதி டீச்சர், இனி நமக்குப் பேடிக்க ஒண்ணும் இல்ல" என்றார், பயம் தெளிந்தவராக.

விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. மூட்டம். தகரக் கூரையில் மழை. அந்த மழையிலும் பிள்ளைகள் வந்தார்கள், பாருங்கள். பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துப் போட்டபடி வந்தார்கள். ரயிலையே பார்த்திராதவர்கள். பகவதியின் செய்தி லயத்துக்கு லயம் வளர்ந்திருந்தது. ஒரு தகப்பனார் குடையோடு வந்து, "தண்டவாளம் எந்த வழியா போட்டிருக்கு?" என்று விசாரித்துவிட்டு, மேசையைப் பார்த்ததும் குடையை விரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

அதிகாரியின் பஸ் மூட்டத்தில் எங்கோ நின்றிருந்தது. அவர் வரும்வரை பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தானே நான்! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு சின்ன உரை நிகழ்த்தி, கைகாட்டியை நூலால் இழுக்கும் லீவரை இழுத்தேன்.

கை இறங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நூல் வீணைக் கம்பிபோல நின்றது. அடுத்த லீவர். அதுவும் அப்படியே. மூன்றும் கையை நீட்டிக்கொண்டு, நில், நில், நில் என்று நின்றன. இறங்காமல் மின்சாரம் கிடையாது, மின்சாரம் இல்லாமல் ரயில் கிடையாது. விபத்து நடக்காத என் ஏற்பாடு அன்று பூரணமாக வேலை செய்தது.

"டீச்சர், ரயிலு தூங்குது" என்றது ஒரு குரல்.

எஞ்சினைப் பின்னாலிருந்து விரலால் தள்ளினேன். "சாரு தள்ளுதாரு! சாரு தள்ளுதாரு!" என்று வகுப்பே கூவியது. சரி, கையையே அழுத்திப் பார்ப்போம் என்று மீன்வாலை விரலால் அழுத்தினேன். டிக். கைகாட்டியின் கை என் கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள், அதுதான் வித்தை என்று நினைத்து. மற்ற இரண்டையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. அடியில் போய் ஒயரை மாற்றலாமென்றால் ஈயம் உருக்கும் பற்றிரும்பு சூடாக அந்தப் பள்ளியில் கரண்ட் இல்லை.

பின்வரிசையில் பெரிய பையன்கள் எழுந்தார்கள். "வாங்கல, போவோம்." இரண்டு பேர், பிறகு ஒரு கூட்டம், வராந்தாவில் இறங்கிச் சாக்கைத் தலையில் போட ஆரம்பித்தார்கள். ஞானதாஸ் சார் என் காதருகே வந்தார். "சார், ஆபீசர் வாறதுக்குள்ள பாதி கிளாஸ் தேயிலைக்குள்ள போயிருமே." நான் பகவதியைப் பார்த்தேன். அவள் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகத்தில் கோபம் இல்லை, அந்தப் பிள்ளைகளை அவளே எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு மேசைக்கு வந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கம்பத்தின் உச்சியைப் பார்த்தாள். அச்சைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள்.

"இது என்ன?"

"எண்ணெய்."

"என்ன எண்ணன்னு கேட்டேன்."

"நம்ம கடை எண்ணெய்."

"நம்ம கடை எண்ணெய்" என்று அவளும் ஒருமுறை சொன்னாள், மிகவும் நிதானமாக. "இஞ்ச நான் தல சீவணும்னா தெனமும் பாட்டில அடுப்புப் பக்கத்துல வச்சு உருக்கணும். அத நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். வெந்நீர் போடுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

"எங்கம்மா கக்கத்துல வைப்பா டீச்சர்!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. எல்லா வீட்டிலும் அப்படித்தானாம், காலையில் அம்மாமார் எண்ணெய்ப் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் இட்லிப் பானையைத் திறப்பார்களாம். கைகாட்டியை எப்படி அக்குளில் வைப்பது? மெழுகுவர்த்தியைக் காட்டலாமென்றால் கையின் பெயின்ட் குப்பென்று பற்றிக்கொள்ளும். நான் விழித்துக்கொண்டு நிற்க, பகவதி வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் இஞ்ச வாங்க! ரயிலுக்குக் குளிருது. கைகாட்டிக்கு மூச்சு விடணும். ஊதப்பிடாது, ஊதினா குளிரும். வாயைத் திறந்து, ஹா... இப்பிடி."

ரயிலுக்குக் குளிர்கிறது என்றால் எந்தப் பிள்ளைதான் போகும்? வராந்தாவில் இறங்கியவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு, பெஞ்சில் ஏறி, ஒருவர் தோளில் இன்னொருவர் நாடியை வைத்து, ஹா... ஹா... தேயிலைத் தண்ணீரும் மரச்சீனிக் கிழங்கும் கலந்த மூச்சு. சூடான, ஈரமான, பசித்த மூச்சு. அவ்வளவு நல்ல வாசனையை நான் கொப்பரைக் கிடங்கில்கூட முகர்ந்ததில்லை. நானும் அவர்களுக்கு நடுவே குனிந்து, பலமாக ஹா என்றேன்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்தார். சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வாசலில் நின்றார். உள்ளே யார் முகமும் அவருக்குத் தெரியவில்லை. முதுகுகளும் பின்னந்தலைகளும்தான். அத்தனையிலிருந்தும் ஒரே சத்தம், ஹா...

"எந்தா இவிடெ, ப்ரார்த்தனயா?"

ஞானதாஸ் சார் என்ன விளக்கினாரோ தெரியாது. அதிகாரிக்கு ஒன்று புரிந்தது, தலைகள் இவ்வளவு வசதியாக ஓரிடத்தில் இனி அமையாது. பேனா முனையால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணத் தொடங்கினார். ஒருவரும் திரும்பவில்லை. மேசையை அரை வட்டம் சுற்றி என் பின்னால் வந்து, பளபளவென்று எண்ணெய் வைத்து வகிடெடுத்த என் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஈ குட்டி ஏது கிளாசிலா?"

நிமிர்ந்தேன். இந்தக் குழந்தை எந்த வகுப்பு என்று கேட்டவர், குழந்தை தன்னைவிட ஒரு சாண் உயரமாக மீசையோடு எழுந்ததைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். பேனா கீழே விழுந்தது. எண்ணிய எண் மறந்துபோயிற்று. "சாரு கொறச்சு மாறி நில்க்கணும்" என்று என்னை ஓரங்கட்டிவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அவர் பாதி எண்ணுகையில் முதல் கைகாட்டியின் கை அசைந்தது. முதலில் ஒரு நடுக்கம். பிறகு, தூங்கி எழுந்த ஆள் சோம்பல் முறிப்பதுபோல, மெல்ல, மிக மெல்லச் சரிந்தது. செப்புத் தகடு தொட்டது. எஞ்சின் ஒரு முனகல் முனகிப் புறப்பட்டது.

"எறங்கியாச்சு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. அந்தச் சொல்லை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எறங்கியாச்சு! எறங்கியாச்சு!" என்று மொத்த அறையும் குதித்தது. ரயில் பாதி தூரம் ஓடி, அடுத்த கைகாட்டி இன்னும் நீட்டிக்கொண்டிருந்ததால் ஒழுங்காக நின்றது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. அவற்றில் ஒன்று வழுக்கைத் தலை. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்வி அதிகாரியும் குனிந்து ஹா என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கணக்குச் சரியாக வந்தது. என்னைக் கழித்த பிறகும். ஞானதாஸ் சார் பதிவேட்டை நீட்டினார், அதிகாரி கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு, கை முறிந்த கைகாட்டியைத் தாண்டும் இடத்தில் நான் எஞ்சினை விரலால் தள்ளிவிட, இன்னொரு சுற்று பார்த்தார், தன் பஸ்ஸைத் தவறவிட்டார். பகவதி திரும்பி நின்று கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. நான் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் வகுப்புப் பெஞ்ச், முழங்கால் நாடியில் இடித்தது. அப்படி ஒரு சுகமான உட்காரல் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை, பென்ஷன் ஆர்டர் வந்த அன்றுகூட.

அந்தப் பள்ளி மேலும் பல வருடம் நடந்தது. ஒவ்வொரு ஜூனிலும் மெஷின் எண்ணெய்க் குப்பியைப் பகவதியே வாங்கி என் பெட்டியில் வைத்துவிடுவாள். பிறகு எஸ்டேட்டில் வேலை குறைந்தது, லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின, எண்ணத் தலை இல்லாமல் ஒருநாள் பள்ளியும் பூட்டப்பட்டது. அதற்குள் அவள் சீனியராகி, நகரத்துக்கு மாற்றலாகி வந்திருந்தாள். நல்லவேளை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது தகரக் கூரைகூட இல்லை, தேயிலைக்கு நடுவே சுவரின் ஒரு மூலை நின்றது. ஆரியசாலைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள், மாடி அறையே இல்லை, கொப்பரை வாசனை எங்கே போயிற்றோ. லைனில் கைகாட்டிகளைப் பிடுங்கிவிட்டுக் கலர் விளக்கு வைத்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை, ஆளாளுக்குப் போனைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். என் பலகைகளைக் கறையான் தின்றது. ஒரே ஒரு கைகாட்டி மட்டும் ஷோகேஸில் நிற்கிறது. ஈயக்குண்டு என்றோ கழன்று விழுந்துவிட்டதால் கை எப்போதும் இறங்கியே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். வருவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

நேற்று ஏ.சி.யை அணைத்துவிட்டு, எண்ணெய் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருக்கிக் கொடுத்தேன். பகவதி தலை சீவ ஆரம்பித்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம், இருந்தாலும் கேட்டேன்.

"அன்னிக்குக் கை எறங்காம, பிள்ளைங்க எல்லாம் போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவள் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"ஒங்களை ஒண்ணாங்கிளாஸுல இருத்தியிருப்பேன்."